லுக்லா போய்ச் சேருவது எப்படி? எவரெஸ்ட் பேஸ் கேம்புக்கு முதன்முறை கிளம்புவோருக்கு

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை நேபாளத்தின் மலையூரான லுக்லாவில் தொடங்குகிறது. லுக்லா விமானம் குறித்த நேரத்தில் கிளம்பும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பயணத்தின் கடைசியில் இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். லுக்லாவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு டிக்கெட் போடவே கூடாது.

காரணம் அந்த ஓடுபாதை. நீளம் 527 மீட்டர்தான், அதிலும் கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. மேல் முனையில் மலை, கீழ் முனையில் பள்ளத்தாக்கு. இறங்க வந்த விமானம் கடைசி நேரத்தில் மறுபடி மேலே ஏற வழியில்லை. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடினால் எல்லாம் நிற்கும்; பொழுது ஏற ஏறக் காற்றும் வலுக்கும். ஆகவே அதிகாலையின் முதல் விமானத்தைக் கேட்டு வாங்குங்கள்.

1. அடையாளச் சான்று. நேபாளம் செல்ல இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது.

2. எந்த விமான நிலையம்? டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் இது. கூட்டம் அதிகமுள்ள வசந்த காலத்திலும் அக்டோபர், நவம்பரிலும் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்துதான் கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து மந்தலி சுமார் 130 கிலோமீட்டர். மலைச் சாலை என்பதால் நாலைந்து மணி நேரம் ஆகும். மழை சாலையை அரித்திருந்தால் இன்னும் கூடும். காலை விமானத்துக்கு நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்கே காத்மாண்டுவில் பயணிகள் தங்கும் பகுதியான தமேலிலிருந்து வண்டி ஏற வேண்டும். முதல் நாள் மதியமே கிளம்பி மந்தலியில் தங்குவது நல்லது. தூங்காத உடம்போடு மலையேறத் தொடங்க வேண்டாம். வளைவுகளில் குமட்டல் வரும் என்றால், ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போடுங்கள்.

3. எடை. பொதுவாகப் பெரிய பை 10 கிலோ, கைப்பை 5 கிலோ. கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டலாம்தான். ஆனால் சின்ன விமானம் என்பதால் பை அடுத்த விமானத்தில் வரக்கூடும். மேகம் மூடிவிட்டால் அது மறுநாள்தான். ஆகவே மருந்து, தூங்கும் பையின் உள்விரிப்பு, ஒரு செட் உடை, பவர் பேங்க் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பூட்ஸையும் கனமான ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள். அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

4. இருக்கை. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். இமயமலை அந்தப் பக்கம்தான்.

5. விமானம் ரத்தானால். கவுன்டரை விட்டு நகராதீர்கள், மறுநாள் பட்டியலில் பெயர் ஏறியதா என்று அங்கேயே உறுதி செய்யுங்கள். மறுநாள் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பிறகே பெரும்பாலும் உங்கள் முறை வரும். ஹெலிகாப்டர் உண்டு, செலவு பல மடங்கு. நாள் மிச்சமிருந்தால் சல்லேரி என்ற ஊர் வரை ஜீப்பில் போய் அங்கிருந்து லுக்லா பக்கம் நடக்கலாம். கூடுதலாகச் சில நாட்கள் ஆகும்.

6. இறங்கியதும். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம், லுக்லா சுமார் 2,850. உற்சாகத்தில் அன்றே 3,440 மீட்டர் உயரத்தில் உள்ள நாம்சே பஜாருக்கு ஓடினால் உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் வாந்தியும் பிடித்துக்கொள்ளலாம். கிராம நகராட்சி அனுமதிச் சீட்டை லுக்லாவிலேயே வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேர நடையில் பாக்திங் போய்ப் படுங்கள். அது லுக்லாவைவிடத் தாழ்வு, 2,610 மீட்டர். பாதை நுழையும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கான சீட்டு மறுநாள் வழியில் மோஞ்சோவில் கிடைக்கும். அடையாளச் சான்றைப் பையின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள்.