உப்புத் தண்ணீரில் வெள்ளைச் சட்டை: கையா, மெஷினா?

போர் தண்ணீரில் வெள்ளைச் சட்டை சீக்கிரமே பழுப்பேறும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழையில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். கையோ மெஷினோ, சோப்புக் கட்டியை விட டிடர்ஜென்ட்டே நல்லது.

காலரை மட்டும் மெஷினை நம்பி விடாதீர்கள். டிரம்மில் துணி முழுவதும் பொதுவாகத்தான் உரசுகிறது. கழுத்து மடிப்பில் ஏறிய எண்ணெய்க் கோடு அப்படியே நிற்கும். காலரை நனைத்து, அந்தக் கோட்டின் மேல் லிக்விட் டிடர்ஜென்ட் நாலைந்து சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்து மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேயுங்கள். முரட்டு பிரஷ் போட்டால் நூல் பிரிந்து காலர் முனை பஞ்சாகிவிடும். பிறகு மெஷினில் போடலாம். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்க வேண்டாம், துணி புரள இடம் வேண்டும். பவுடர் அதிகமானால் அலசலில் போகாமல் தங்கி, உடம்பில் அரிக்கும்.

கையால் என்றால் 8 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி பவுடர். முதலில் நன்றாகக் கரைத்து, பிறகு துணியைப் போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் கழன்ற அழுக்கு திரும்பத் துணியிலேயே படியும், வாடையும் வரும். கல்லில் அடித்தால் பட்டன் உடையும். நுரை வராமல் போகும்வரை, பெரும்பாலும் மூன்று முறை, அலசுங்கள்.

நீலம் கடைசி அலசலில்தான். தனியே தண்ணீரில் கலக்காமல் நேராகத் துணிமேல் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும்.