போக்கர் சாம்பியனை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போக்கர் சாம்பியனின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும் பரிசுத் தொகையை அவருடைய வருமானமாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் தவறு. அதில் நுழைவுக் கட்டணங்கள் கழிக்கப்பட்டிருக்காது. ஆட்டக்காரருக்காகப் பணம் கட்டியவரின் பங்கும் தெரியாது. 1997இல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற ஆண்டுத் தொடரின் முதன்மைப் போட்டியை மூன்றாவது முறையாக வென்ற ஸ்டூ உங்கருக்கு 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. ஆனால் 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தைக் கட்டியவர் பில்லி பாக்ஸ்டர் என்பதால் பரிசில் பாதி அவருக்குப் போனது. மறு ஆண்டு நவம்பரில் உங்கர் அதே நகரின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்துகிடந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது சில நூறு டாலர்தான்.

அந்தத் தொடரில் வெற்றிக்கு அடையாளமாகத் தரப்படும் பிரேஸ்லெட்டுகளை எண்ணித் தலைமுறைகளை ஒப்பிடுவதும் சரியாக வராது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்துப் போட்டிகள்கூட இல்லாத அத்தொடரில் இப்போது தொண்ணூறுக்கும் மேற்பட்ட போட்டிகள் நடக்கின்றன.

பணக்கணக்கில் பிசகுவதைவிட நற்பெயர் விஷயத்தில் பிசகுவது மோசமானது என்பேன். போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவியைப் 'போக்கரில் ஏமாற்றியவர்' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். 2012இல் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் அவர் ஆடியது போக்கரே அல்ல. பக்காரா என்ற சீட்டுச் சூதாட்ட வகையைச் சேர்ந்த புன்டோ பாங்கோ. சீட்டுகளின் பின்புற அச்சு இரு ஓரங்களிலும் ஒன்றுபோல் வெட்டப்படாததைக் கவனித்த ஐவியும் அவருடைய கூட்டாளியும், 7, 8, 9 ஆகிய சாதகமான சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி, அதிர்ஷ்ட நம்பிக்கை என்று சொல்லி, சீட்டுப் போடும் டீலரைக் கேட்டுக்கொண்டார்கள். சீட்டைக் கலைத்தது இயந்திரம் என்பதால் அவற்றின் திசை மாறவில்லை; பின்புறத்தைப் பார்த்தே அவற்றை அடையாளம் காண முடிந்தது. ஐவி 77 லட்சம் பவுண்டு வென்றும் விடுதி அதைத் தர மறுத்தது.

இங்கே இரு தரப்பும் சறுக்குகிறது. வெறுப்பவர்கள் இதைக் குற்ற வழக்கு என்கிறார்கள். உண்மையில் இது வென்ற பணத்தைக் கேட்டு ஐவியே தொடுத்த உரிமையியல் வழக்கு. அபிமானிகளோ, அவர் தம் செயலை மோசடியாகக் கருதவில்லை என்பதை விசாரணை நீதிபதியே ஏற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டு, அது மோசடிதான் என்று 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை விட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டில்தான் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2024இல் தம் பதினோராவது பிரேஸ்லெட்டையும் வென்றார்.