அழித்தாலும் திரும்பி வந்த கோப்பு

நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் விண்டோஸ் மென்பொருள் சாண்ட்பாக்ஸி. இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றை அதற்குள் ஓட்டிப் பார்த்த நாள் முதல் ஆண்டிவைரஸ் ஓயாமல் எச்சரித்தது. கோப்பை அகற்றிவிட்டதாகச் சொல்லும். சற்று நேரத்தில் அதே கோப்பு, அதே எச்சரிக்கை.

எச்சரிக்கைப் பெட்டியில் கோப்பு இருக்கும் பாதையின் வால் மட்டுமே தெரிந்தது: ஆப்டேட்டா (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் கோப்புறை), அதற்குள் ரோமிங், ஏதோ கிறுக்கல் பெயர். ரோமிங் கோப்புறையைச் சல்லடை போட்டுத் தேடியும் ஒன்றுமில்லை. விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியும் சுத்தம். முழு ஸ்கேன் ஓர் இரவைத் தின்றதுதான் மிச்சம்.

ஆண்டிவைரஸின் பழைய பதிவுகளில் முழுப் பாதை இருந்தது. சி டிரைவில் சாண்ட்பாக்ஸ் கோப்புறை, அதற்குள் என் பயனர் பெயர், டீஃபால்ட்பாக்ஸ் என்ற பெட்டி, யூசர், கரன்ட் என்று இறங்கினால் அங்கே இன்னொரு ஆப்டேட்டா! அடைபட்ட நிரல் எழுதுவதையெல்லாம் சாண்ட்பாக்ஸி இந்த நகலுக்குத் திருப்பிவிடுகிறது. தீங்கு வெளியே வரவில்லை. ஆனால் வட்டில் கிடப்பது நிஜக் கோப்பு, ஆண்டிவைரஸ் சும்மா விடுமா?

கையால் அழித்தபோது ரெக்ஹைவ் என்ற கோப்பு மட்டும் அசையவில்லை. பெட்டிக்குள் நடக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் அதில்தான் சேர்கின்றன. உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்வரை அது பூட்டியே கிடக்கும். திரையிலோ, அடைபட்ட நிரலின் தலைப்பில் சாண்ட்பாக்ஸி இடும் [#] குறியுள்ள ஜன்னல் எதுவும் இல்லை. ஜன்னலே இல்லாத நிரலுக்குக் குறி எங்கே வரும்? சாண்ட்பாக்ஸியின் பட்டியலில் அப்படி ஒரு நிரல் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அழிந்த கோப்பை மறுபடி எழுதியதும் அதுதான்.

பெட்டியிலுள்ள எல்லா நிரல்களையும் முதலில் நிறுத்தினேன். அதன் பிறகே உள்ளடக்கத்தை அழிக்கும் கட்டளை. ரெக்ஹைவும் போனது, எச்சரிக்கையும் நின்றது. அப்பாடா!

மூடியதும் தானாக அழிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் கடைசி நிரலும் நின்றால்தான் அது வேலை செய்யும்.