அடுத்த வருஷத்துக்கு பியானோ பீஸ் எடுக்கறது எப்படி (போட்டிக்கும் சேர்த்து), பாண்டி டீச்சர் ஒருத்தரோட யோசனைகள்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த வருஷம் புதுசா எடுக்கற பீஸ் (வாசிக்கற இசைத்துண்டு) இந்த வருஷ போட்டிக்கு இல்ல. போட்டில வாசிக்கறது போன வருஷமே கத்துகிட்டு, நாலஞ்சு பேர் முன்னாடி வாசிச்சு, அப்புறம் கொஞ்ச மாசம் தொடாம மூடி வச்சு, திரும்ப எடுத்ததா இருக்கணும். மாவடு மாதிரிதான், போட்ட அன்னிக்கே எடுத்து கடிச்சா பல்லுதான் கூசும். இத பேரண்ட்ஸ் கிட்ட சொன்னா "அப்போ புதுசா கத்துக்கறது எதுக்கு மிஸ்"னு கேப்பாங்க, அது அடுத்த வருஷத்துக்குங்க, அவ்ளோதான். அதனால பீஸ் செலக்ட் பண்ண உக்காரும்போது ரெண்டு பேப்பர் வச்சுக்கோங்க, ஒண்ணுல ஏற்கனவே கைல இருக்கறது, இன்னொண்ணுல புதுசு, போட்டிக்கு முதல் பேப்பர்லேர்ந்துதான் எடுக்கணும். பெரிய பெரிய ஆளுங்களும் ஒரே மியூசிக்கோட வருஷக்கணக்குல குடித்தனம் பண்ணித்தான் வர்றாங்க. வார்சால நடக்கற ஷோப்பான் போட்டில ஷோப்பான் மட்டும்தான் வாசிக்கணும், அதுல எரிக் லூ 2015ல நாலாவது வந்தாரு, பத்து வருஷம் கழிச்சு 2025ல திரும்ப போய் முதல் பரிசு வாங்கிட்டு வந்தாரு. நம்ம பசங்க மட்டும் ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல கப் வாங்கணும்னா எப்படி?

அடுத்தது காலண்டர். நம்ம ஊர்ல வருஷத்துக்கு பன்னெண்டு மாசம் கிடையாது, பிராக்டிஸ் கணக்குல பாத்தா ஏழு எட்டு தேறுனா பெருசு. மே லீவுதான் தங்கம். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஓரளவு சீரா போகும், அக்டோபர் வந்தா மழை, தீபாவளி, அப்புறம் புயல். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துலதான் கரைய கடந்துது, ஊரே தண்ணில நின்னுச்சு, கரண்ட் இல்லாதப்போ டிஜிட்டல் பியானோ வெறும் டேபிள்தான். டிசம்பர்ல அரையாண்டு பரீட்சை. பத்தாவது பன்னெண்டாவது படிக்கற புள்ளைங்களுக்கு பொங்கலுக்கு அப்புறம் பியானோ மூடிதான் இருக்கும், அத பத்தி சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. அதனால வருஷத்தோட பெரிய பீஸ, அதாவது கைக்கு கொஞ்சம் மேல இருக்கறத, மே மாசமே ஆரம்பிச்சுடுங்க, நோட்ஸ் எல்லாம் ஆகஸ்டுக்குள்ள உக்காந்துடணும். மழைக்காலத்துல புது பீஸ் தொடாதீங்க. பழசையே மெதுவா வாசிக்கறது, மனப்பாடம் சரி பண்றது, பியானோ பக்கம் போகாம நோட்ஸ் மட்டும் வச்சு படிக்கறது, இதுதான் மழைக்கால வேலை, கடைசில சொன்னது கரண்ட் இல்லாமயும் நடக்கும்.

எத்தன பீஸ்னா, பெருசா ஒண்ணு, லெவல்ல ரெண்டு மூணு, அதுக்கும் கீழ லெவல்ல எத்தன முடியுமோ அத்தன. இந்த கடைசி வகையத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. வருஷம் பூரா மூணே மூணு பீஸ போட்டு அரைச்சா அந்த மூணு வரும், நாலாவது எடுக்கறப்போ திரும்ப தடவி தடவிதான் படிக்கணும். ஷூமன் 1848ல சின்ன பசங்களுக்குன்னே எழுதுன ஓபஸ் 68ல (ஓபஸ்னா இசையமைப்பாளரோட படைப்புக்கு குடுத்த வரிசை நம்பர்) மொத்தம் 43 பீஸ் இருக்கு, சைக்கோவ்ஸ்கியோட ஓபஸ் 39ல 24, பர்க்முல்லர் ஓபஸ் 100ல 25, பார்ட்டோக் மைக்ரோகாஸ்மோஸ்ல ஆறு வால்யூம் சேர்த்து 153. வாரத்துக்கு ஒண்ணு எடுத்து சுமாரா வாசிச்சுட்டு தள்ளிவிட்டாக்கூட போதும், சைட் ரீடிங் (புது நோட்ஸ பாத்த உடனே வாசிக்கறது) தானா ஏறும், பரீட்சைக்கு தனியா அழவேண்டியதில்ல.

இப்போ முக்கியமான விஷயம், பெரிய பீஸ் எது. இங்கதான் யூட்யூப் கெடுக்குது. ஃபான்டஸி இம்ப்ராம்ப்ட்யூ கேட்டா யாருக்கும் ஆசை வரும், ஆனா வலது கை நாலு நோட் போடற நேரத்துல இடது கை மூணு போடணும், அந்த நாலுக்கு மூணு ஒடம்புல ஏறாத புள்ளைக்கு அத குடுத்தா ஒரு வருஷம் அதுலயே போயிடும், கடைசில வர்றதும் ஒரு தள்ளாட்டம்தான். பீத்தோவனோட பத்தெதிக் சொனாட்டா முதல் மூவ்மெண்ட்டும் (முதல் பகுதி) அப்படித்தான், இடது கைல நிக்காம ஆக்டேவ் ட்ரெமோலோ (எட்டு வெள்ளை கீ அகலத்துக்கு கைய விரிச்சு ரெண்டு நோட்ட மாத்தி மாத்தி படபடன்னு அடிக்கறது), சின்ன கை, இறுகுன மணிக்கட்டு இருந்தா முன்கை வலி வந்துடும், வலி வந்தா நிறுத்தணும், "பழகிடும்"னு சொல்லக்கூடாது. கை ஆக்டேவ் எட்டுதான்னு பாக்கறதுக்கு முன்னாடி எட்டி வசதியா இருக்கான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற.

நான் பாக்கற வழி இதுதான். பீஸோட ஆரம்பத்த விட்டுடுங்க, எல்லா பீஸும் ஆரம்பம் ஈஸியாத்தான் இருக்கும். நடுவுலயோ கடைசிலயோ இருக்கறதுலயே கஷ்டமான எட்டு பார் (நோட்ஸ்ல கோடு போட்டு பிரிச்ச கட்டம்) எடுத்து, அத மட்டும் ஒரு வாரம் பாதி ஸ்பீடுல வாசிக்க சொல்லுங்க. வாரக்கடைசில தோள் இறுகாம, நின்னு நின்னு போகாம வந்தா அந்த பீஸ் எடுக்கலாம். வரலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பீத்தோவன் எங்கயும் போகமாட்டாரு, 32 சொனாட்டா எழுதி வச்சுட்டு போயிருக்காரு, அதுலயே ஓபஸ் 49 ரெண்டும் சின்ன கைக்கு ஏத்த மாதிரி இருக்கு.

எந்த பியானோல பழகறீங்க, எதுல வாசிக்கப்போறீங்கன்றதும் பீஸ் எடுக்கறதுலயே சேந்ததுதான். பாண்டி, கடலூர்ல பெரும்பாலான வீட்ல இருக்கறது டிஜிட்டல்தான், உப்புக்காத்துல அகூஸ்டிக் பியானோவோட கம்பி துரு ஏறுது, ட்யூனரும் எங்களுக்கு சென்னைலேர்ந்து வரணும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா 61 கீ கீபோர்டுல பழகற புள்ளைக்கு டெபுஸ்ஸி குடுக்காதீங்க, கீயும் பத்தாது பெடலும் பத்தாது. 88 வெயிட்டட் கீ (நிஜ பியானோ மாதிரி கனம் குடுத்த கீ) இருந்தாலும் ஸ்கார்லாட்டி கே. 141 (கே.ன்றது படைப்பு பட்டியல் நம்பர்) மாதிரி ஒரே நோட்ட படபடன்னு திரும்ப திரும்ப அடிக்கற பீஸ் விலை கம்மி மாடல்ல சரியா வராது, புள்ள தப்பா வாசிக்குதா கீ ஏறலியான்னே தெரியாது. மேடைல கிராண்ட் பியானோனா கீ கனமாவும் பெடல் வேற மாதிரியும் இருக்கும், போட்டிக்கு முன்னாடி ஏதாவது ஒரு நிஜ பியானோல ரெண்டு மூணு தடவையாவது உக்கார வச்சுடுங்க. அது சுத்தமா முடியாதுன்னா பெடல் ரொம்ப கேக்கற பீஸ தவிர்த்துட்டு பாக், ஹைடன், க்ளெமென்டி பக்கம் போறது புத்திசாலித்தனம்.

போட்டி ரூல்ஸ் ஷீட்ட பீஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே படிங்க, எடுத்தப்புறம் இல்ல. வயசு எந்த தேதில கணக்கு, நோட்ஸ் பாத்து வாசிக்கலாமா மனப்பாடமா, மொத்தம் எத்தன நிமிஷம், ரிபீட் வாசிக்கணுமா விடணுமா, வீடியோனா வெட்டாத ஒரே டேக்கா. நிமிஷக் கணக்குல ரொம்ப பேர் மாட்டறாங்க. மோட்சார்ட் கே. 545 முதல் மூவ்மெண்ட் ரிபீட் இல்லாம மூணு நிமிஷம் பக்கம் வரும், ரிபீட்டோட அதுக்கு மேல நல்லாவே போகும், நடுவுல மணி அடிச்சு நிறுத்திட்டா புள்ளைக்கு முகம் விழுந்துடும். வீட்ல ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி பாருங்க, உங்க புள்ள ஸ்பீடுல எவ்ளோ வருதுன்றதுதான் கணக்கு. அப்புறம் கிளாசிக்கல் பிரிவுல பல எடத்துல ஈஸியாக்குன அரேஞ்ச்மெண்ட்ட ஒத்துக்கமாட்டாங்க. ஃபர் எலீஸ் தெரியும்னு சொல்ற பசங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தெரிஞ்சது முதல் பக்கம்தான், அதுக்கப்புறம் நடுவுல ரெண்டு பகுதி இருக்கு, ரெண்டும் நல்லாவே வேலை வாங்கும். போட்டின்னா முழுசா வாசிக்கணும்.

நடுவர் காலைலேர்ந்து கேட்டு கேட்டு சலிச்ச பீஸ் எடுக்கறதா வேணாமான்னு கேட்டா, தப்பில்ல, ஆனா கே. 545 எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. மோட்சார்ட் 1788ல தன் நோட்டுல அத ஆரம்பநிலை ஆளுங்களுக்குன்னு எழுதி வச்சாரு, அத நம்பி எல்லாரும் எடுத்துடறாங்க. ஆனா அந்த ஸ்கேல்ல ஒரு விரல் கனத்தாலும் பின் பெஞ்ச் வரைக்கும் கேக்கும், ஒளிய எடமே இல்ல. அதே குணத்துல ஹைடனோட சி மேஜர் சொனாட்டா, ஹோபோக்கன் பட்டியல்ல XVI:35, அத்தன பேர் எடுக்கறதில்ல, சிரிப்பும் இருக்கு. கிளேர் டி லூனுக்கு பதிலா அதே டெபுஸ்ஸி 1908ல போட்ட சில்ட்ரன்ஸ் கார்னர்லேர்ந்து லிட்டில் ஷெப்பர்ட் பாருங்க, சின்னது, நோட் கம்மி, காது இருக்கற புள்ளைக்கு நல்லா வரும். (நம்ம ஊருன்னாலே பிரெஞ்சுதான்னு ஒயிட் டவுன்ல எந்த நிகழ்ச்சினாலும் டெபுஸ்ஸி, எரிக் சாத்தி ரெண்டு பேரையும் கூப்ட்டுக்குவாங்க, கேக்க அழகுதான், ஆனா அத மட்டுமே வாசிச்சா விரல் வளராது.)

ப்ரோக்ராம்னா வித்தியாசம் தெரியணும், காலத்துலயும் மூட்லயும். நடு லெவல் புள்ளைக்கு நான் குடுக்கற மாதிரி ஒண்ணு: பாக் டூ பார்ட் இன்வென்ஷன்ல ஒண்ணு (மொத்தம் 15 இருக்கு, எல்லாரும் முதலாவதையே எடுக்கறாங்க, எஃப் மேஜர் எட்டாவது இன்னும் துள்ளலா இருக்கும்), குலாவ் ஓபஸ் 55 நம்பர் 1 சொனாட்டினா, முன்ன சொன்ன லிட்டில் ஷெப்பர்ட், கடைசில கபலெவ்ஸ்கி ஓபஸ் 27 டொக்காட்டினா. பெரிய பசங்களுக்கு பாக் வெல் டெம்பர்டு முதல் புக்லேர்ந்து சி மைனர் ப்ரெலூட், ஃப்யூக் (ஒரே மெட்ட பல குரல் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா எடுத்துட்டு போறது), பீத்தோவன் ஓபஸ் 14 நம்பர் 1 முதல் மூவ்மெண்ட், ஷோப்பான் ஈ மைனர் நாக்டர்ன், பார்ட்டோக்கோட ருமேனியன் டான்ஸ் ஆறும். காலவரிசைப்படிதான் வாசிக்கணும்னு ரூல் இல்லன்னா, பதட்டப்படற புள்ளைய ஃப்யூக்ல ஆரம்பிக்க விடாதீங்க, விரல் சூடாகறதுக்குள்ள ஒரு குரல் தொலைஞ்சா திரும்ப பிடிக்கறது கஷ்டம், நாக்டர்ன்லயோ சொனாட்டாலயோ ஆரம்பிங்க.

கிரேடு பரீட்சையும் இருந்தா ரெண்டையும் ஒண்ணா ஓட்டலாம். ஏபிஆர்எஸ்எம் (ட்ரினிட்டி மாதிரி இங்கிலாந்து மியூசிக் பரீட்சை போர்டு) பிராக்டிகல் கிரேடுல ஏ, பி, சி லிஸ்ட்லேர்ந்து ஒவ்வொண்ணு, பெர்ஃபார்மன்ஸ் கிரேடுல நாலு பீஸ், அதுல நாலாவது உங்க விருப்பம், அந்த எடத்துல போன வருஷ போட்டி பீஸ அதே லெவல்ல இருந்தா போட்டுக்கலாம். ஏபிஆர்எஸ்எம்ல ஆறாவது கிரேடும் அதுக்கு மேலயும் எழுதறவங்க அஞ்சாவது கிரேடு தியரியோ, அதுக்கு பதிலா அவங்க ஒத்துக்கற ஒண்ணோ முடிச்சிருக்கணும், இத கடைசி நேரத்துல ஞாபகப்படுத்தி அழற வீடு நிறைய. ட்ரினிட்டில அந்த கட்டாயம் இல்ல.

நோட்ஸ் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். நம்ம நாட்டு சட்டப்படி எழுதுனவர் இறந்து 60 வருஷம் தாண்டுனா காப்பிரைட் போயிடும், அதனால பாக், பீத்தோவன் மட்டுமில்ல, 1945ல இறந்த பார்ட்டோக், 1953ல இறந்த ப்ரோகோஃபியவ்கூட ஐஎம்எஸ்எல்பில (இலவசமா நோட்ஸ் கிடைக்கற வெப்சைட்) பழைய எடிஷனா எடுத்து பிரிண்ட் போடலாம். கபலெவ்ஸ்கி 1987ல இறந்தாரு, அவரோடத காசு குடுத்துதான் வாங்கணும். ஜெராக்ஸ் எடுத்துட்டு போனா சில போட்டில வெளில நிறுத்திடுவாங்க. பழைய எடிஷன்ல எடிட்டர் தன் இஷ்டத்துக்கு பெடல், ஸ்லர் எல்லாம் போட்டு வச்சிருப்பாரு, பாக்ல முக்கியமா, அத அப்படியே நம்பாம ஒரு அர்டெக்ஸ்ட் எடிஷனோட (எழுதுனவர் எழுதுன மாதிரியே போட்டது) ஒத்துப்பாத்துடுங்க.

ஃபார்ம் நிரப்பறப்போ "பீத்தோவன் சொனாட்டா"ன்னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க, ஓபஸ் நம்பர், கீ, எந்த மூவ்மெண்ட், எத்தன நிமிஷம், எல்லாம் எழுதுங்க, பாக்னா பிடபிள்யூவி (பாக் படைப்பு பட்டியல்) நம்பர். அனுப்பினத ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீச்சருக்கும் போட்டுவிடுங்க, மாத்தறதுக்கு கடைசி தேதி என்னன்னு அதுலயே குறிச்சு வச்சுடுங்க, ஏன்னா செப்டம்பர்ல புள்ள வந்து இந்த பீஸ் எனக்கு புடிக்கலன்னு சொல்லும், கண்டிப்பா சொல்லும், அப்போ முதல் பேப்பர்ல இருக்கற ஏதாவது ஒண்ணு ரெடியா இருக்கணும்.