சமவெளி வெயிலுக்கு ஏற்ற ஹவோர்தியா: வளர்ப்பதும் கன்று பிரிப்பதும்

ஊட்டி, கொடைக்கானல் போய் வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் சாக்லேட், தைலத்தோடு ஒரு சின்னச் செடியும் இருக்கிறது. ரோஜாப்பூ மாதிரி இலைகள் அடுக்கிய எச்செவேரியா. மலையில் அத்தனை அழகாக இருந்த செடி, மதுரைக்கோ சென்னைக்கோ வந்த சில மாதங்களில் தண்டு நீண்டு, அடியிலை உதிர்ந்து, ஒரு நாள் கூழாகிவிடுகிறது. வாங்கியவர் தனக்குச் செடி ராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எச்செவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டுநிலச் செடிகள். அவற்றுக்கு இரவில் குளிர வேண்டும். நம் சமவெளியில் மே மாத இரவு குளிர்வதில்லை.

அதனால் சமவெளியில் முதல் சக்யூலன்ட் (இலையில் நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஹவோர்தியாதான். அதிலும் கரும்பச்சை இலையில் வெள்ளைப் புள்ளிகள் வரிவரியாக ஓடும் வகை. நர்சரியில் ஜீப்ரா செடி என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். நம் சோற்றுக்கற்றாழைக்கு நெருங்கிய உறவு. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும், வளர்ந்தாலும் பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்தைத் தாண்டுவது அரிது. இலை நுனி கூராகத் தெரிந்தாலும் குழந்தைகள் கையைக் கிழிக்காது. பூனை, நாய் கடித்தாலும் விஷமில்லை.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணம். அங்கே இது திறந்த வெளியில் வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்பதில்லை. புதர்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் ஒளிந்து வளர்கிறது. மேலே அரை நிழல், கீழே நீர் தேங்காத கல்மண். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டையும் நம் வீட்டில் அமைத்துக் கொடுப்பதற்கான வழிகள்தான்.

1. செடியைத் தேர்ந்தெடுத்தல்

செடியைக் கையில் எடுத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் வேர் இருக்கிறது. நட்ட கம்பு மாதிரி லொடலொடவென்று ஆடினால் வேர் அழுகியிருக்கலாம். நடு இலைகள் கெட்டியாக இருக்க வேண்டும். அடியில் ஓரிரண்டு இலை காய்ந்திருந்தால் பரவாயில்லை, அது இயல்பு. இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் வேண்டாம், அது மாவுப்பூச்சி. ஊதா, நீலம் என்று பெயின்ட் அடித்து விற்கும் செடிகளையும் தவிர்த்துவிடுங்கள். பெயின்ட் இலைக்கு வர வேண்டிய வெளிச்சத்தை மறைத்துவிடும்.

பக்கத்தில் ஏற்கெனவே குட்டிக் கன்று எட்டிப் பார்க்கும் செடி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 1809இல் ஹவோர்தியா என்று பெயர் பெற்ற இந்தப் பேரினத்தை 2013இல் பிரித்தார்கள். ஜீப்ரா வகை அப்போது ஹவோர்தியாப்சிஸ் என்ற புதுப் பெயருக்குப் போனது. கடைகளில் இரண்டு பெயரும் ஓடுகின்றன, செடி ஒன்றுதான். ஜீப்ரா என்று விற்பவற்றில் ஃபாசியேட்டா, அட்டெனுவேட்டா என்று இரண்டு இனங்கள் உண்டு. ஃபாசியேட்டா என்று சீட்டு ஒட்டி விற்பவற்றில் பலவும் உண்மையில் அட்டெனுவேட்டா. இலையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஃபாசியேட்டா, அங்கேயும் புள்ளிகள் கையில் தட்டினால் அட்டெனுவேட்டா. வளர்ப்பு இரண்டுக்கும் ஒன்றே.

2. மண் கலவை

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கெட்டியான செம்மண்ணிலோ, முழுக்கத் தேங்காய் நார்த்தூளிலோ இருக்கும். செம்மண் காய்ந்தால் இறுகிப் போகும், நனைந்தால் சேறாகும். நார்த்தூள் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். நம் ஊர்ச் சூட்டில் அந்த ஈரம் வேரை அழுக வைத்துவிடும். ஆகவே வாங்கி வந்த ஒரு வாரத்துக்குள் மண்ணை மாற்றிவிடுவது நல்லது.

நான் பயன்படுத்தும் அளவு இது: ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய மண்புழு உரம், மூன்று பங்கு கரடு. கரடு என்றால் பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் சில்லு, பருமனான ஆற்றுமணல், பெர்லைட் (சூட்டில் பொரித்த இலேசான வெள்ளைக் கல்), இவற்றில் கிடைப்பது எதுவானாலும் சரி. செங்கல் சில்லு காசில்லாமல் கிடைக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டு வாங்கி, சுத்தியலால் தட்டிச் சல்லடையில் சலித்து, தூளைத் தள்ளிவிட்டுச் சில்லை மட்டும் எடுங்கள். எம் சாண்ட் போடுவதானால் கண்டிப்பாகச் சலித்து அலச வேண்டும். அதிலுள்ள மாவுத்தூள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கடல்மணல் மட்டும் வேண்டாம், உப்பு வேரைக் கெடுக்கும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, இறுகப் பிடித்து, கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் கரடு போதவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தால் சரி.

3. தொட்டி

மெருகு பூசாத மண்தொட்டி, வாய் மூன்று அல்லது நான்கு அங்குலம், அடியில் ஓட்டை. அவ்வளவுதான். பெரிய தொட்டி வாங்கினால் செடி பெரிதாகாது, வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்குவதுதான் மிச்சம். கண்ணாடிக் குடுவையில் வண்ணக்கல் போட்டு அலங்காரமாக நட்டு விற்கிறார்களே, அதில் நீர் வெளியேற வழியே கிடையாது. பரிசாக வந்தால் அன்றைக்கே செடியை எடுத்து மண்தொட்டிக்கு மாற்றுங்கள்.

செடியை மாற்றும்போது பழைய மண்ணை உதிர்த்து, பழுப்பாகி உள்ளே வெறும் கூடாக இருக்கும் வேர்களை நறுக்கிவிடலாம். ஹவோர்தியா பழைய வேரை அவ்வப்போது விட்டுவிட்டுப் புது வேர் போடும் செடி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெள்ளையாகத் தடித்திருப்பவைதான் உயிருள்ளவை, அவற்றைக் காப்பாற்றுங்கள். நட்டபின் நான்கைந்து நாள் தண்ணீர் விடாதீர்கள். அந்த இடைவெளியில் வேரின் காயம் ஆறிவிடும்.

4. வைக்கும் இடம்

கிழக்குப் பார்த்த ஜன்னல் மேடை இதற்குச் சொர்க்கம். காலை வெயில் ஓரிரண்டு மணி நேரம், பிறகு நல்ல வெளிச்சம் மட்டும் போதும். மொட்டைமாடியில் வைப்பதானால் பச்சை நிழல்வலையின் கீழ்தான். மேற்கு வெயில் நேராக விழும் இடம் கூடவே கூடாது.

வெளிச்சம் சரியா என்பதைச் செடியே சொல்லிவிடும். இலை செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம், கொஞ்சம் உள்ளே தள்ளினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். இலைகள் வெளிறி, நீண்டு, அகலமாக விரிந்து படுத்தால் வெளிச்சம் போதவில்லை. வரவேற்பறை மேசையின் நடுவில் அழகுக்காக வைக்கும் செடிக்கு இந்த இரண்டாவது கதிதான் வரும். விருந்தினர் வரும் நாளில் உள்ளே வைத்து, மறுநாள் ஜன்னலுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

5. தண்ணீர்

வாரம் ஒரு முறை, பத்து நாளுக்கு ஒரு முறை என்று காலண்டர் பார்த்து ஊற்றாதீர்கள். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, சற்றுப் பொறுத்து எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி வந்தாலோ, குச்சி நனைந்திருந்தாலோ தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால், ஓட்டை வழியாக நீர் ஓடும் அளவுக்கு நன்றாக ஊற்றுங்கள். அரை டம்ளர், கால் டம்ளர் என்று தெளிப்பது உதவாது, மேல் மண் மட்டும் நனைந்து அடிவேர் காய்ந்தே கிடக்கும். தட்டில் வழிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். நடு இலைக்குள் நீர் தேங்கினால் ஊதியோ பஞ்சால் ஒற்றியோ எடுத்துவிடுங்கள்.

இனி, புதிதாக வளர்ப்பவர்கள் நம்ப மறுக்கும் விஷயம். கோடையில் இதற்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நமக்கே நாக்கு வறள்கிறது, செடிக்கு மட்டும் தாகம் இருக்காதா என்று தோன்றும். ஆனால் இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, காற்று குளிர்ந்த இரவில்தான் திறக்கின்றன. அப்போது இழுத்து வைக்கும் கரியமில வாயுவைத்தான் மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகின்றன. இரவும் புழுங்கும் மே மாதத்தில் அந்த வேலை மந்தப்படுகிறது, ஹவோர்தியா வளர்ச்சியைக் குறைத்து ஏறக்குறைய உறங்கப் போய்விடுகிறது. உறங்கும் செடியின் வேர் நீரை இழுக்காது, சூடான மண்ணில் தேங்கிய நீர் அழுகலைத்தான் கொண்டுவரும். மண் முழுக்கக் காய்ந்தபின் இன்னும் சில நாள் கழித்து, சாயங்காலத்தில் கொஞ்சமாக ஊற்றினால் போதும். இலைகள் உள்பக்கமாகச் சுருங்கி மூடினாலும் கவலை வேண்டாம், வெயில் தணிந்ததும் விரியும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தொட்டியைக் கூரைக்கடியில் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நாள் மழை நல்லது செய்யும், ஒரு வாரத் தொடர் மழை செடியைக் கொன்றுவிடும். மழை ஓய்ந்து மார்கழி, தை, மாசி என்று காற்று குளிர்ந்திருக்கும் மாதங்களில்தான் இது சுறுசுறுப்பாக வளரும். ஈர்க்குச்சி சொல்கிறபடி தாராளமாக ஊற்றலாம். உரம் போடுவதானால் அப்போதுதான், ஒரு தேக்கரண்டி மண்புழு உரம் மேலாகத் தூவினால் போதும்.

மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். நிறைய இருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புநீர் சேர்த்து, வெயில் போனபின் தெளித்து, செடியை நிழலில் வையுங்கள். தண்ணீர் சரியாக ஊற்றியும் செடி தேறவில்லை என்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். இந்தப் பூச்சி மண்ணுக்குள்ளும் குடியிருக்கும். அப்படியிருந்தால் மண்ணை முழுக்கக் கழுவி எறிந்துவிட்டுப் புதுக் கலவையில் நடுவதுதான் வழி.

6. கன்று பிரித்தல்

வாழைக்குக் கன்று வருகிற மாதிரி இதற்கும் அடியிலிருந்து பக்கக்கன்று வரும். பெருக்குவதற்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை. அவசரப்படாமல், கன்று தாய்ச்செடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும்வரை விடுங்கள். அதற்குள் பெரும்பாலும் அதற்கென்று வேர் வந்திருக்கும். காலம், மார்கழி முதல் மாசி வரை. கோடையில் பிரித்தால் வேர் பிடிக்கத் திணறும்.

பிரிப்பதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் வேரைப் பிடித்திழுக்காமல் உதிரும். தொட்டியைச் சாய்த்துச் செடியை மொத்தமாக வெளியே எடுத்து, மண்ணை விரலால் தட்டிவிட்டால் கன்று எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். முதலில் கையால் மெல்லத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிளேடால், இணைப்பை ஒரே வெட்டாக வெட்டுங்கள். கன்றோடு வேர் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நல்லது.

வெட்டியதும் நடாதீர்கள். கன்றையும் தாயையும் நிழலில், காற்றாட, காகிதத்தின் மேல் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட இரண்டு மூன்று நாளாகும். வேரே இல்லாத கன்றானால் ஒரு வாரம்கூட விடலாம், வாடிவிடாது. பலர் மஞ்சள்தூள் தடவுகிறார்கள். தடவினால் தப்பில்லை, ஆனால் தூள் தடவிவிட்டோம் என்று காயாமல் நட்டுவிடக் கூடாது.

அப்புறம் அதே கலவையில், அடி மட்டும் புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். வேருள்ள கன்றுக்கு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். வேரில்லாததற்கு மண்ணின் மேல்பரப்பு லேசாக நனையும்படி சில நாளுக்கொரு முறை தெளித்தால் போதும். தினமும் இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள், புதுவேர் அறுந்துவிடும். நடுவில் புது இலை தலைகாட்டினால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் மற்றச் செடிகளோடு சேர்த்துவிடலாம்.

7. இலை, விதை

இலையிலிருந்தும் செடி வரும். ஆனால் எச்செவேரியாவைப் போல இலையைக் கிள்ளிப் போட்டாலே முளைத்துவிடாது. இலையின் அடியில் தண்டின் ஒரு சிறு துணுக்காவது ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஆகவே இலையைப் பக்கவாட்டில் அசைத்து, அடியோடு பிரித்தெடுங்கள். காய வைத்து மணலில் செருகிவிட்டுப் பல மாதம் காத்திருக்க வேண்டும், பாதிக்கு மேல் வீணாகலாம். கன்று கொடுக்காத செடியாக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

நன்றாக வளர்ந்த செடி மெல்லிய நீண்ட தண்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களை விடும். அதில் விதை எடுக்க நினைத்தால், ஒரே செடியின் மகரந்தம் அதே செடியில் பொதுவாகப் பிடிக்காது. நீங்கள் பிரித்து நட்ட கன்றும் தாயின் நகல்தான், அதனால் தாயும் கன்றும் சேர்ந்து பூத்தாலும் பயனில்லை. வேறு இடத்தில் வாங்கிய செடி வைத்திருக்கும் நண்பரிடம் உங்கள் கன்று ஒன்றைக் கொடுத்து, அவருடையதில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.