எழுத்தும் ஒலியும்: தமிழ் உரையைப் பேசவைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் உரையைப் பேச்சாக மாற்றும் மென்பொருளை எழுதத் தொடங்குவோரின் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம், என் பழைய நிரலையே மறுபடி படிப்பதுபோல் இருக்கிறது. பழைய எழுத்துருக் குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்ற மறப்பது போன்றவற்றை அவர்களே ஒரே நாளில் கண்டுகொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று அட்டவணை போடுவது

தமிழை எழுதியபடியே படிக்கலாம் என்று நம்பி, ககரம் எங்கு வந்தாலும் ஒரே ஒலிப்பெயரைக் கொடுத்து, மூன்று மாத ஒலிப்பதிவுகளுக்குக் குறியிட்டேன். ஆனால் 'கடல்' என்பதில் வல்லொலியாக இருக்கும் அதே எழுத்து, 'தங்கம்' என்பதில் ஙகரத்தை அடுத்து குரல்நாண் அதிர ஒலிக்கிறது. 'பகல்' என்பதில் உயிர்களுக்கு நடுவே ஹகரத்தை நெருங்கி மெலிகிறது. 'பக்கம்' என்று இரட்டித்தால் மீண்டும் வலிக்கிறது. ஒரே பெயரின் கீழ் இத்தனை ஒலிகளையும் கற்ற மென்பொருள், 'கடல்' என்பதை ஒருமுறை சரியாகவும் மறுமுறை 'ஹடல்' என்பதுபோலவும் பேசியது.

முன்னும் பின்னும் உள்ள எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவுசெய்யும் விதிகளை எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மொழிமுதல் ககரம் வல்லொலி என்ற விதியை 'காந்தி' உடைத்தார். தீவினையைக் குறிக்கும் 'பாவம்' ஒருவிதமாகவும், நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் 'பாவம்' வேறுவிதமாகவும் தொடங்குகின்றன. எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. சொல் எங்கிருந்து வந்தது, அந்த வாக்கியத்தில் என்ன பொருள் தருகிறது என்று தெரியாமல் இதைத் தீர்க்க முடியாது. ஆகவே விதிகளோடு விலக்குச் சொற்களின் அகராதி ஒன்றையும் முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

குறியிட்ட அத்தனையையும் தூக்கிப் போட்டேன். 'பசு' என்பதன் உகரமும் 'காசு' என்பதன் உகரமும் ஒன்றல்ல என்று குற்றியலுகரப் பாடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

குறியெண்ணை எழுத்தாக எண்ணுவது

'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியெண்கள், அதாவது எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் கணினி தனித்தனியே வைத்திருக்கும் எண்கள். 'கொ' என்பதை இரண்டு குறியெண்களாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடின் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ஸகரத்தாலும் ஶகரத்தாலும் தனித்தனியே எழுதப்படும் 'ஸ்ரீ'யை அது ஒன்றாக்காது. அதை நீங்களே கவனிக்க வேண்டும்.

எண்களை அப்படியே விடுவது

எண்களைச் சொற்களாக விரித்து எழுதிய பிறகே ஒலியாக்குங்கள்.

எழுத்துரையைப் பேச்சின் பதிவாகக் கொள்வது

'வந்துவிட்டான்' என்று எழுதுபவரே 'வந்துட்டான்' என்று பேசுவார். இரண்டையும் தனித்தனியே சேகரியுங்கள்.