அகதிக் குடும்பங்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகதிகளைக் குடியமர்த்தும் யூத அமைப்புகளில் தன்னார்வலராகச் சேரலாம் என்றால், "யூத அமைப்பாச்சே, யூதர்களுக்கு மட்டும்தானே உதவுவார்கள்?" என்று கேட்டு, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குத் தப்பி வந்தவர்களுக்காக 1881இல் நியூயார்க்கில் தொடங்கியது ஹையாஸ் (HIAS) என்ற யூத அமைப்பு. 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா அகதிகளையும், 2021இல் ஆப்கானியர்களையும் அது குடியமர்த்தியது. ஊருக்கு ஊர் நேரடியாக வேலை செய்பவை, சியாட்டிலில் 1892இல் வேர்விட்ட ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ் போன்ற அமைப்புகள். உதவி பெறுபவரும் யூதராக இருக்க வேண்டியதில்லை, தன்னார்வலரும் இருக்க வேண்டியதில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அகதிகள் வருகையை நிறுத்தி வைத்ததால் இனி வேலை இருக்காது என்று நினைப்பதும் தவறு. ஏற்கெனவே வந்தவர்களுக்கு வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று தேவைகள் அப்படியேதான் இருக்கின்றன.

முதல் சந்திப்பிலேயே ஊர், உறவு, சம்பளம் எல்லாம் விசாரிப்பது நம் பழக்கம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் "எப்படித் தப்பி வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு அந்தக் குடும்பம் அதிகாரிகளிடம் பல முறை பதில் சொல்லிக் களைத்திருக்கும். ஒரு தேதி மாறினாலும் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து பயந்து சொன்ன பதில் அது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள். இல்லையென்றால் எந்தப் பஸ் எங்கே போகும், ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கும் என்று பேசுங்கள், போதும்.

பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வசதியாக இருக்கிறதே என்று டாக்டரிடம் அவர்களைப் பேச வைக்காதீர்கள். அம்மாவுக்கு வந்திருக்கும் நோயைப் பத்து வயது மகள் தன் வாயால் அம்மாவுக்கே சொல்ல வேண்டி வரும். இதைவிடக் கொடுமை வேறென்ன? அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். முன்பதிவின்போதே டாரி (ஆப்கானியர் பேசும் ஒரு மொழி), உக்ரைனியன் என்று மொழியைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கு அழைத்துப் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். பல மாநிலங்களில் அந்த விண்ணப்பத்திலேயே, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று ஒரு கட்டம் இருக்கும். கவுண்டரில் கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' சொல்லிப் பழகியவர் அதையும் டிக் செய்துவிடலாம். அகதி இன்னும் குடிமகன் இல்லை. அந்த ஒரு டிக் பின்னாளில் குடியுரிமையைத் தடுக்கலாம், நாடுகடத்தல் வழக்காகக்கூட மாறலாம். அதனால் அவசரமாகப் படிவம் நிரப்பித் தராதீர்கள். சட்டம் தொடர்பான எதற்கும் "எனக்குத் தெரிந்தவருக்கு இப்படித்தான் ஆச்சு" என்று யோசனையும் சொல்லாதீர்கள். அமைப்பின் குடியேற்ற வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுங்கள்.

மனம் இளகிக் கையில் பணம் கொடுப்பதும் வேண்டாம். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது பக்கத்துக் குடும்பத்துக்குத் தெரிந்தால் வீண் மனக்கசப்பு. அப்புறம், தவணையில் கார் வாங்கச் சொல்லித் தூண்டுவதும் சரியில்லை. பல அகதிகளின் விமானக் கட்டணமே வட்டியில்லாக் கடன். வந்து ஆறு மாதத்தில் அதைக் கட்டத் தொடங்க வேண்டும்.

புகைப்படத்துக்கு வருவோம். குடும்பம் சிரித்துக்கொண்டே சம்மதித்தாலும் முகநூலில் போடாதீர்கள். காபூலில் இருக்கும் அண்ணனுக்கு அந்தப் படத்தால் ஆபத்து வரலாம்.

அமைப்பின் நடைமுறைகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கோஷர் என்னும் யூத உணவு விதியைப் பின்பற்றும் சமையலறைக்கு வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை வரை சபாத் என்னும் யூதர்களின் ஓய்வு நாள், அப்போது அலுவலகத்தில் பதில் கிடைக்காது. பின்னணிச் சரிபார்ப்புக்குச் சில வாரங்கள் ஆனால் கோபப்படாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் உங்களை அனுப்புகிறார்கள்.

வேலைப்பளு கூடினால் சொல்லாமல் நின்றுவிடுவதுதான் என்னால் ஏற்கவே முடியாத தவறு. புதன்கிழமை வருவதாகச் சொன்னவருக்காக அந்த வீட்டில் டீ போட்டு வைத்திருப்பார்கள். மூன்று மாதம்தான் முடியும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருங்கிணைப்பாளர் அதற்குள் வேறொருவரை அந்தக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தி வைப்பார்.